வில்லும் சவன்னாவும்: ஆப்பிரிக்கச் சமவெளி விலங்குகளை அம்பால் வேட்டையாடுவது குறித்த விவாதங்கள்

துப்பாக்கி கைவசம் இருக்கும்போது ஒரு விலங்கை அம்பால் கொல்வதற்கு நியாயம் உண்டா என்ற கேள்வி, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக வேட்டைக்காரர்களிடையிலும் அவர்களை எதிர்ப்பவர்களிடையிலும் விவாதிக்கப்பட்டு வருகிறது. 2015 ஜூலையில் ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே தேசியப் பூங்காவை ஒட்டிய நிலத்தில் சீசில் என்ற சிங்கம் ஓர் அமெரிக்கரின் அம்பால் காயமுற்று, பல மணி நேரம் கழித்துக் கொல்லப்பட்டபோது அக்கேள்வி உலகச் செய்தியாயிற்று. ஆயினும் வில்வேட்டையின் வழக்கமான முகம் அதுவன்று. ஆப்பிரிக்காவுக்கு வில்லோடு செல்லும் வெளிநாட்டவரில் பெரும்பாலோர் நாடிச் செல்வது தென்னாப்பிரிக்கா, நமீபியா ஆகிய நாடுகளின் வேட்டைப் பண்ணைகளில் மேயும் இம்பாலா, கூடு, ஜெம்ஸ்பாக், வைல்டபீஸ்ட் போன்ற மறிமான் இனங்களையும் வரிக்குதிரையையும் வார்ட்ஹாக் எனப்படும் காட்டுப்பன்றியையுமே ஆகும். யானை, எருமை, சிங்கம் முதலிய ‘ஆபத்தான விலங்கு’களின் வரிசையில் சேராத இவற்றை வேட்டைத் தொழிலில் ‘சமவெளி விலங்குகள்’ என்ற ஒரே பெயரால் குறிப்பிடுகின்றனர்.

இவ்வேட்டை பற்றி எழுதப்பட்டவற்றைத் தொகுத்துப் பார்த்தால், மூன்று வெவ்வேறு கேள்விகள் பின்னிக் கிடப்பது தெரியவரும். அம்பு பட்ட விலங்கு எவ்வளவு துன்புறுகிறது என்பது முதலாவது. வேட்டையால் வரும் பணம் காட்டு நிலத்தைக் காக்கிறதா என்பது இரண்டாவது. யாருடைய அம்பு விளையாட்டு, யாருடைய அம்பு குற்றம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு என்பது மூன்றாவது. ஒரு கேள்விக்குக் கிடைத்த விடையை மற்றொன்றுக்கும் விடையாக நீட்டுவதே இவ்விவாதத்தின் தீராத குழப்பம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

வேட்டை நடக்கும் விதம்

தெற்கு ஆப்பிரிக்காவில் மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்கள் மழையற்ற குளிர்காலம். புல் காய்ந்து, குட்டைகள் வற்றியபின் விலங்குகள் எஞ்சியிருக்கும் நீர்நிலைகளுக்கு நாள்தோறும் வந்தாக வேண்டும் என்பதால், வில்வேட்டைக்கு ஏற்ற பருவமும் அதுவே. பண்ணைக்காரர்கள் நீர்த்தொட்டிக்கு அருகில், பாதி மண்ணில் புதைந்ததும் கல்லாலும் புல்லாலும் மூடப்பட்டதுமான சிறு மறைவறைகளைக் கட்டி வைக்கின்றனர். உள்ளே இருள் சூழ்ந்திருக்க வேண்டும். இருப்பவர் அசைவது வெளியே தெரியாதபடி கருப்பு உடை உடுத்தியிருக்க வேண்டும். காற்று தொட்டியிலிருந்து மறைவறையை நோக்கி வீச வேண்டும். எய்யும் தூரம் பெரும்பாலும் 15 முதல் 30 மீட்டர் வரை. மறைவறையை விட்டுக் காலடியாகப் பதுங்கிச் செல்லும் முறையும் உண்டு. ஆனால் கண்ணும் காதும் கூர்மையான மந்தை விலங்குகளிடம் அது பலிப்பது அரிது.

வெளிநாட்டு வேட்டைக்காரர் உரிமம் பெற்ற தொழில்முறை வேட்டைக்காரரின் துணையோடுதான் வேட்டையாட வேண்டும் என்பது தென்னாப்பிரிக்கா, நமீபியா ஆகிய இரு நாடுகளின் விதி. தங்குவதற்கும் வழிகாட்டலுக்கும் நாள் வாடகையும், கொல்லும் விலங்குக்கு இனவாரியாகத் தனிக் கட்டணமும் வாங்கப்படுகின்றன. தலையும் கொம்பும் தோலும் பாடம் செய்யப்பட்டு வாடிக்கையாளரின் நாட்டுக்குப் போகின்றன. இவ்வகை வேட்டைக்கு டிராஃபி வேட்டை என்ற பெயர் வந்தது இதனால்தான். இறைச்சி பண்ணையிலேயே தங்கி, சமையலுக்கோ பில்டாங் எனப்படும் உப்புக்கண்டத்துக்கோ விற்பனைக்கோ போகிறது. இரத்தம் சிந்தினால் பணம் கட்ட வேண்டும் என்பது இத்தொழிலில் எழுதாத சட்டமாக இருந்து, இன்று ஒப்பந்தங்களிலும் எழுதப்படுகிறது. அதாவது, காயமுற்ற விலங்கு அகப்படாமல் போனாலும் அதற்குரிய முழுக் கட்டணத்தைச் செலுத்தியாக வேண்டும். இவ்விதி கட்டுரையின் இறுதியில் மறுபடியும் தேவைப்படும்.

வில் வந்த வழி

தென்னாப்பிரிக்காவின் க்வாசூலு-நட்டால் மாகாணத்திலுள்ள சிபுடு குகையில் கிடைத்த, 60,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட எலும்பு முனையும் சிறு கற்கருவிகளும் அம்பு முனைகளாக இருக்கலாம் என்று அகழாய்வாளர் சிலர் கருதுகின்றனர். அது உறுதிப்படுமாயின் வில்லின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று இம்மண்ணிலேயே உள்ளது எனலாம். கலகாரிப் பகுதியின் சான் மக்கள் அண்மைக் காலம் வரை கையாண்ட வில் விசை குறைந்தது. அவர்களுடைய வேட்டையில் கொல்வது நஞ்சு. அம்பு அதனைக் கொண்டு சேர்க்கும் கருவி மட்டுமே. டயம்ஃபிடியா என்னும் வண்டின் புழுவை மண்ணிலிருந்து தோண்டியெடுத்து, அதன் உடற்சாற்றை முனையின் நுனியில் பூசாமல், தவறிக் கையில் கீறினாலும் வேடனுக்கு ஆபத்து நேராதபடி நுனிக்குச் சற்றுப் பின்னால் பூசுவர். அம்பின் தண்டு துண்டுகளாகக் கோக்கப்பட்டிருப்பதால், விலங்கு மரத்தில் உடலைத் தேய்த்தாலும் பின்பகுதி கழன்று விழ, நஞ்சு தோய்ந்த முனை உள்ளேயே தங்கிவிடும். பெரிய மறிமான் ஒன்று சாய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். ஆகவே அவ்வேட்டையின் பெரும்பகுதி சுவடு பார்த்துப் பின்தொடர்வதிலேயே கழிந்தது.

இன்றைய வெளிநாட்டு வில்வேட்டை இம்மரபிலிருந்து கிளைத்ததன்று. அதன் ஊற்று கலிஃபோர்னியாவில் இருக்கிறது. யாஹி இனத்தின் எஞ்சிய ஒரே மனிதராக 1911-இல் வெளியுலகுக்கு வந்த இஷியிடம் வில்வித்தை கற்ற சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர், 1923-இல் வில்வேட்டை பற்றி எழுதிய நூல் அமெரிக்காவில் இக்கலைக்குப் புத்துயிர் ஊட்டியது. போப்பும் அவருடைய நண்பர் ஆர்தர் யங்கும் 1925-இல் டாங்கனிகா சென்று சிங்கங்களின் மேல் அம்பெய்தனர். பக்கத்தில் துப்பாக்கியுடன் எழுத்தாளர் ஸ்டூவர்ட் எட்வர்ட் ஒயிட் காவல் நின்றார். அம்பால் மட்டுமே கொல்ல முடியுமா என்ற ஐயத்தை அப்பயணம் முற்றாகத் தீர்க்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

அதன்பின் நேர்ந்த பெரிய மாற்றம் கருவியில் நிகழ்ந்தது. மிசூரியைச் சேர்ந்த ஹோலிஸ் ஆலன் 1969-இல் காப்புரிமை பெற்ற காம்பவுண்டு வில், இரு முனைகளிலும் மையம் விலகிய சக்கரங்களைக் கொண்டது. நாணை இழுக்கும்போது நடுவழியில் கனக்கும் சுமை, முழுவதும் இழுத்தபின் சக்கரங்கள் திரும்புவதால் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. இன்றைய வில்களில் அது ஐந்தில் ஒரு பங்காகக்கூட இறங்குவதுண்டு. பல ஆண்டுப் பயிற்சி பெற்ற தோள் இல்லாதவரும் நாணை இழுத்துப் பிடித்தபடி குறிபார்க்கலாம் என்ற நிலை இதனால் வந்தது. வில்வேட்டை ஒரு சிலரின் பித்து என்பதிலிருந்து ஒரு தொழில் என்ற நிலைக்கு உயர்ந்ததும் இதனால்தான்.

காயம் பற்றிய வழக்கு

வில்வேட்டையை எதிர்ப்போரின் முதன்மையான வாதம் காயம் பற்றியது. குண்டும் அம்பும் வெவ்வேறு வழியில் கொல்கின்றன என்பதைப் புரிந்துகொண்டால்தான் இவ்வாதத்தின் எடை விளங்கும். கூடு, ஜெம்ஸ்பாக் போன்ற பெரிய மறிமான்களைச் சுடும் துப்பாக்கிக் குண்டுக்குக் குறைந்தது 2,700 ஜூல் ஆற்றல் வேண்டும் என்று நமீபியச் சட்டம் கோருகிறது. அதே விலங்கின் மேல் எய்யும் அம்புக்கு அது விதிக்கும் குறைந்த அளவு 65 அடி-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 88 ஜூல். குண்டின் ஆற்றலில் முப்பதில் ஒரு பங்கு. முதற்பார்வைக்கு இது சட்டத்தின் முரணாகத் தோன்றும். ஆனால் குண்டு தன் ஆற்றலைத் திசுக்களில் கொட்டிச் சிதைக்கிறது. அகன்ற கத்தி முனை பூட்டிய அம்போ வெட்டிக்கொண்டு ஊடுருவி, இரத்தப் பெருக்கால் கொல்கிறது. இரு நுரையீரல்களையும் துளைத்த அம்பு விலங்கைச் சில வினாடிகளுக்குள் நினைவிழக்கச் செய்யும் என்றும், கூர்மையான வெட்டில் முதலில் வலி குறைவாகவே இருக்கும் என்றும் ஆதரவாளர்கள் கூறுகின்றனர். முதற்கூற்று உடலியலோடு பொருந்துகிறது. இரண்டாவது, அம்பு பட்ட விலங்கு சில சமயம் ஓடாமல் நின்று மேய்வதைக் கண்டு ஊகித்தது. அதை அளந்து நிறுவியதாகக் கொள்ள இயலாது.

ஆக, எல்லாம் அம்பு எங்கே தைக்கிறது என்பதைப் பொறுத்தது. இங்கே இரண்டு சிக்கல்கள் உள்ளன. ஒன்று உடலமைப்பு. ஆப்பிரிக்க மறிமான்களின் இதயமும் நுரையீரலும் வட அமெரிக்க மான்களினவற்றைவிட முன்னங்கால்களுக்கு இடையில் முன்னும் கீழுமாக அமைந்துள்ளன என்பதைக் கால்நடை மருத்துவரும் வேட்டைக்காரருமான கெவின் ராபர்ட்சன் தம் நூலில் இனவாரியாக விளக்கியுள்ளார். வெள்ளைவால் மானிடம் பழகிய அமெரிக்கர், தோள் மடிப்புக்குப் பின்னால் குறிவைக்கும் பழக்கத்தோடு கூடு மானின் மேல் எய்தால், அம்பு ஈரலையோ இரைப்பையையோ துளைக்கும் வாய்ப்பு மிகுதி. இரைப்பையில் அம்பு பட்ட விலங்கு உடனே இறவாது. பல மணி நேரம் உயிர் ஊசலாடும். முன்னங்காலின் கோட்டை மேல்நோக்கிப் பின்பற்றி, உடலின் கீழ் மூன்றிலொரு பங்கில் குறிவைக்கும்படி பண்ணைகளில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இதற்காகத்தான்.

மற்றது ஒலி. வினாடிக்கு 80 மீட்டர் வேகத்தில் செல்லும் அம்பு 20 மீட்டரைக் கடக்கக் கால் வினாடி எடுக்கிறது. நாணின் ஓசையோ அதே தூரத்தை 0.06 வினாடியில் கடந்து விலங்கின் காதை எட்டிவிடுகிறது. இம்பாலா துள்ளுவதற்குமுன் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்தும். ஓசை கேட்டு உடல் இயங்கத் தொடங்குவதற்கான நேரம் போக 0.1 வினாடி எஞ்சினாலும், அது தடையின்றித் தாழ்ந்தால் 5 சென்டிமீட்டர் இறங்கிவிடும். தூரம் 40 மீட்டராக இருந்தால் எஞ்சும் நேரம் கால் வினாடிக்கு மேல். அதற்குள் 30 சென்டிமீட்டர் தாழ இடமுண்டு. இதயத்துக்கு எய்த அம்பு முதுகெலும்புக்கு மேல் பறப்பதும், முதுகுத் தசையில் மட்டும் தைத்து நிற்பதும் இப்படித்தான் நேர்கின்றன. வில்லின் வேகத்தைக் கூட்டி இதற்கு விடை காணலாம் என்பது உற்பத்தியாளர்களின் வாதம். ஆனால் எந்த அம்பும் ஒலியை முந்துவதில்லை; கணக்கை உண்மையில் மாற்றுவது தூரத்தைக் குறைப்பது ஒன்றே.

அம்பின் வேகத்தைவிட அதன் எடையும் முனையின் அமைப்புமே ஊடுருவலைத் தீர்மானிக்கின்றன என்ற கருத்து, 1980களில் நட்டாலில் எட் ஆஷ்பி மேற்கொண்ட சோதனைகளிலிருந்து பரவியது. கனமான அம்பும், இரண்டே அலகு கொண்ட உறுதியான முனையும் எலும்பைக் கடந்து செல்லும் என்ற அவருடைய முடிவை ஆப்பிரிக்கா செல்லும் வில்வேட்டைக்காரர் பலர் வேதவாக்காகக் கொள்கின்றனர். ஊடுருவல் பற்றி அச்சோதனைகள் சொல்வது மிகுதி. ஆனால் உயிருள்ள விலங்கு அசைவதையும், எய்பவரின் கை பதறுவதையும் எந்த முனையாலும் ஈடுசெய்ய இயலாது.

அப்படியானால், அம்பு பட்டும் அகப்படாமல் போகும் விலங்குகள் எத்தனை? இதற்குக் காட்டப்படும் எண்கள் ஏறத்தாழ முழுவதும் அமெரிக்க வெள்ளைவால் மான்களைப் பற்றியவை. ஓக்லஹோமாவின் மெக்கலெஸ்டர் இராணுவ வெடிமருந்து வளாகத்தில் ரேடியோப் பட்டை பூட்டிய மான்களைக் கொண்டு நடந்து 1998-இல் வெளியான ஆய்வில், அம்பு பட்டவற்றில் பாதி அகப்படவில்லை. அங்கே காம்பவுண்டு வில்லுக்கு அனுமதி இல்லை என்பதையும், தப்பியவற்றில் பெரும்பாலானவை பிழைத்துக்கொண்டன என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். மேரிலாந்தின் இந்தியன் ஹெட் கடற்படைத் தளத்தின் பதிவுகளைக் கொண்டு 2008-இல் வெளியான ஆய்வில் இவ்விகிதம் 18 விழுக்காடுதான். அங்கே நவீன வில்களும் குறுக்குவில்களும் பயன்பட்டன. வேட்டைக்காரர்கள் முன்கூட்டியே திறன் தேர்வில் தேறியிருந்தனர். எதிர்ப்போர் முதல் எண்ணையும், ஆதரிப்போர் இரண்டாவதையும் எடுத்துக்கொள்கின்றனர். இரண்டும் சரியான எண்களே. இரண்டுமே ஆப்பிரிக்காவைப் பற்றியவை அல்ல. மறைவறையிலிருந்து குறுகிய தூரத்தில் எய்வது, கூடவே தேர்ந்த சுவடறிவோரும் மோப்ப நாய்களும் இருப்பது ஆகியன ஆப்பிரிக்காவில் விகிதத்தைக் குறைக்கக்கூடும். பழகாத உடலமைப்பும், இம்பாலாவின் மிகு விழிப்பும், விடுமுறை முடிவதற்குள் கொம்பு கிடைக்க வேண்டும் என்ற அவசரமும் அதைக் கூட்டக்கூடும்.

சட்டங்களும் ஒருமித்துப் பேசவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மானின் மேல் அம்பெய்வதை 1963-ஆம் ஆண்டின் மான் சட்டம் தடுத்தது. டென்மார்க் 1999-இல் ரோ மானுக்கு அனுமதி அளித்தது. நமீபியா ஆபத்தான விலங்குகளை வில்வேட்டையிலிருந்து விலக்கியுள்ளது. தென்னாப்பிரிக்காவின் 2007-ஆம் ஆண்டு விதிகள் பெரிய ஊனுண்ணிகளையும் காண்டாமிருகத்தையும் விலக்கின. சமவெளி விலங்குகள் மட்டும் இரு நாடுகளிலும் திறந்தே உள்ளன. இப்பிரிவினைக்கு மனிதரின் பாதுகாப்பு, அரிய இனங்களின் நிலை எனப் பல காரணங்கள் உண்டு. எனினும், காயம் சிங்கத்துக்கு வலிக்கும் அளவுக்கு வைல்டபீஸ்டுக்கும் வலிக்கும் என்பதைச் சட்டங்கள் கருதியதாகத் தெரியவில்லை.

நியாயமான துரத்தல்

வில்லை ஆதரிப்போரின் அறவாதம் வேறு திசையிலிருந்து வருகிறது. விலங்குக்குத் தப்பிக்க உண்மையான வாய்ப்பு இருக்க வேண்டும், வேட்டைக்காரர் தம் ஆற்றலைத் தாமே குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற கொள்கையை ‘நியாயமான துரத்தல்’ என்பர். 1887-இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் பூன் அண்டு கிராக்கெட் சங்கம் இதனைப் பரப்பியது. ஸ்பானிய மெய்யியலாளர் ஒர்தேகா இ காசெட் 1942-இல் எழுதிய வேட்டை பற்றிய சிந்தனையில், கருவி முன்னேற முன்னேற மனிதன் அதனைக் கட்டுப்படுத்திக்கொள்வதே வேட்டையை வெறும் கொலையிலிருந்து பிரிக்கிறது என்று வாதிட்டார். சூழலறத்தின் முன்னோடியான ஆல்டோ லியோபோல்டும் தம் கையால் செய்த வில்லோடு வேட்டைக்குச் சென்றவரே. இக்கண்ணோட்டத்தில், 200 மீட்டரில் சுடக்கூடிய விலங்கை 20 மீட்டர் வரை வரவிட்டுக் காத்திருப்பது ஒரு துறவு.

இவ்வாதத்தின் முதற்குறை உள்ளேயே இருக்கிறது: வேட்டைக்காரரின் சிரமத்தைக் கூட்டும் கருவி, விலங்கின் காயத்தையும் கூட்டக்கூடும். தப்பிக்கும் வாய்ப்பு என்று கணக்கிடப்படுவதில் ஒரு பகுதி காயத்தோடு தப்புவதற்கான வாய்ப்பு. பீட்டர் சிங்கரின் 1975-ஆம் ஆண்டு நூலைப் பின்பற்றித் துன்பத்தை அளவுகோலாகக் கொள்வோருக்கு, உண்ணத் தேவையில்லாத ஒருவர் மெதுவாகக் கொல்லக்கூடிய கருவியை விரும்பித் தேர்வதே குற்றம். 1983-இல் டாம் ரீகன் முன்வைத்த உரிமைக் கோட்பாட்டின்படி பார்த்தால், கருவியைப் பற்றிப் பேசவே தேவையில்லை. எந்தக் கருவியும் தவறுதான். இரண்டாவது குறை நடைமுறையில் உள்ளது. உயர் வேலியிட்ட பண்ணையில், வறண்ட பருவத்தில், இருக்கும் ஒரே நீர்த்தொட்டிக்குத் தாகத்தோடு வரும் விலங்கை மறைவறையில் உட்கார்ந்து, சுமை குறைந்த சக்கர வில்லால் எய்வது எந்த அளவில் துறவு என்ற கேள்விக்கு வில்வேட்டை இலக்கியம் தெளிவான விடை தந்ததில்லை. மர வில்லும் காலடிப் பதுங்கலுமே உண்மையான வேட்டை என்று கூறும் பழமைவாதிகள் வில்வேட்டைக்காரரிடையே உள்ளனர். கொள்கைக்கு இவர்கள் நேர்மையானவர்கள்; ஆனால் காயத்தின் கணக்கில் மர வில் நவீன வில்லைவிட மேம்பட்டது என்று யாரும் காட்டியதில்லை.

நிலமும் பணமும்

வேட்டையைக் காக்க இன்று மிகுதியும் முன்வைக்கப்படுவது பொருளியல் வாதம். தென்னாப்பிரிக்காவின் 1991-ஆம் ஆண்டு வேட்டை விலங்குத் திருட்டுச் சட்டம், போதிய வேலியிட்ட நிலத்தின் உரிமையாளர் தம் விலங்குகள் வெளியேறினாலும் உரிமையை இழப்பதில்லை என்று வகுத்தது. அதற்கு முன்பே தொடங்கியிருந்த மாற்றத்தை அது விரைவுபடுத்த, மாடு மேய்த்த நிலங்கள் பல ஆயிரம் வேட்டைப் பண்ணைகளாயின. ஒரு காலத்தில் 17 மட்டுமே எஞ்சியிருந்ததாகக் கூறப்படும் பான்டபாக் மானும், சில பண்ணைகளில் மட்டும் உயிர் தப்பிய கருப்பு வைல்டபீஸ்டும் மீண்டதில் நில உரிமையாளருக்குப் பெரும் பங்குண்டு. பீட்டர் லின்ஸி முதலியோர் 2007-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, சகாராவுக்குத் தெற்கே 23 நாடுகளில் 14 இலட்சம் சதுர கிலோமீட்டர் நிலம் டிராஃபி வேட்டைக்குப் பயன்பட்டது. தேசியப் பூங்காக்களின் பரப்பைவிட அது மிகுதி. 1977-இல் வேட்டையைத் தடைசெய்த கென்யாவில் 2016 வரை காட்டு விலங்குகள் சராசரியாக 68 விழுக்காடு குறைந்தன என்ற ஆய்வை ஆதரவாளர்கள் எதிர்ச்சான்றாகக் காட்டுவர்.

இச்சான்றுகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. கென்யாவின் வீழ்ச்சிக்கு மக்கள்தொகைப் பெருக்கம், நிலம் துண்டாடப்படுதல், கால்நடைப் பெருக்கம், வறட்சி ஆகியனவும் காரணமாகக் கூறப்படுகின்றன. தடையை மட்டும் பிரித்தெடுத்துக் குற்றம் சாட்ட இயலாது. வேட்டை வருமானத்தில் 3 விழுக்காடே உள்ளூர் மக்களைச் சேருகிறது என்று 2013-இல் பொருளியலாளர் குழு ஒன்று கணித்தது. எல்லா நாடுகளுக்கும் அதைப் பொதுவாக்குவதும் பிழையாகலாம். ஏனெனில், நமீபியாவில் 1996-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்துக்குப் பின் உருவான சமூகக் காப்பகங்களை ஆராய்ந்து 2016-இல் வெளியான ஆய்வு, வேட்டையை நிறுத்தினால் அவற்றுள் பெரும்பாலானவை தம் செலவையே ஈடுகட்ட முடியாமற்போகும் என்று கண்டது. 2019-இல் 133 பேர் கையெழுத்திட்டு ‘சயன்ஸ்’ இதழில் வெளியான கடிதம், மாற்று ஏற்பாடின்றித் தடை விதிப்பது பல்லுயிர்க்கு ஆபத்து என்று எச்சரித்தது. அதற்கு மறுப்புகளும் எழுந்தன. வேட்டையே விலங்கின் உருவை மாற்றுகிறதா என்பதும் விவாதப் பொருளே. ஜிம்பாப்வேயின் பதிவுகளை ஆராய்ந்தோர் இம்பாலா, சேபிள் ஆகிய மறிமான்களின் கொம்பு நீளம் சிறிது குறைந்ததையும், கூடு மானின் கொம்பு குறையாததையும் கண்டனர். பண்ணைகளில் கருப்பு இம்பாலா, பொன்னிற வைல்டபீஸ்ட் என்று நிறம் பார்த்து வளர்த்த வெறியும், 2016-இல் ஹொரைசன் என்ற எருமைக்காளையின் கால் பங்கு 4.4 கோடி ராண்டுக்கு விலைபோனதும், காப்பு என்ற சொல்லைச் சந்தை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு அடையாளங்கள்.

இவை அனைத்தையும் ஏற்றுக்கொண்டாலும் ஒன்று எஞ்சுகிறது. நிலத்தைக் காப்பது வேட்டைக் கட்டணம், வில் அன்று. துப்பாக்கியோடு வருபவரும் அதே கட்டணத்தைச் செலுத்துகிறார். வில்லுக்கே உரிய பொருளியல் வாதம் ஒன்றுண்டு: வில்வேட்டைக்காரர் ஒரு விலங்குக்காக அதிக நாள் தங்குவதால் விலங்கு ஒன்றுக்குக் கிடைக்கும் வருமானம் கூடுகிறது; வெடியோசை இல்லாததால் மற்ற மந்தைகள் கலைவதில்லை; சிறு பண்ணைக்கும் அது ஒத்துவருகிறது. இது நம்பத்தக்க வாதமே. ஆனால் இதன் அளவு சிறியது. 14 இலட்சம் சதுர கிலோமீட்டர் என்ற பேரெண்ணின் நிழலில் இதனை நிறுத்தி வில்லை நியாயப்படுத்துவது பொருந்தாது.

யாருடைய அம்பு

மூன்றாவது கேள்வியை வரலாற்றாசிரியர்களே பெரிதும் எழுப்பினர். ஐரோப்பிய அரசுகள் 1900-இல் இலண்டனில் கூடிக் காட்டு விலங்குக் காப்புக்கென ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டபோது, வலை, படுகுழி போன்ற ஆப்பிரிக்க வேட்டை முறைகளைக் கட்டுப்படுத்துவது அதில் இடம்பெற்றது. ஜான் மெக்கென்ஸியும் எட்வர்ட் ஸ்டைன்ஹார்ட்டும் காட்டியிருப்பதுபோல், உரிமச் சீட்டு வாங்கிய வெள்ளையர் ‘வேட்டைக்காரர்’ ஆக, அதே விலங்கைத் தம் மரபுப்படி கொன்ற ஆப்பிரிக்கர் ‘கள்ள வேட்டைக்காரர்’ ஆயினர். இதன் கூர்மையான எடுத்துக்காட்டு கென்யாவின் வாட்டா மக்கள். மனிதர் இழுக்கும் வில்களில் மிக வலியவற்றுள் ஒன்றைக் கையாண்டு, அகோகான்தெரா மரத்தின் நஞ்சு பூசிய அம்பால் யானையையே வீழ்த்திய இவர்கள்மேல் 1950களின் நடுவில் சாவோ பூங்கா நிர்வாகம் பெரும் நடவடிக்கை எடுத்துப் பலரைச் சிறையிலடைத்தது. கென்யாவின் ஜான் ம்பாரியாவும் மோர்தெக்காய் ஒகாடாவும் 2016-இல் எழுதிய நூலில், இன்றைய காப்புத் துறையும் இந்த மனப்பாங்கிலிருந்து விடுபடவில்லை என்று குற்றஞ்சாட்டினர்.

போட்ஸ்வானா 2014-இல் வேட்டையை நிறுத்தியபோது, சான் மக்களின் வாழ்வாதார வேட்டையும் அதில் அகப்பட்டுக்கொண்டது. மத்திய கலகாரிக் காப்பகத்தில் அவர்களுக்கு வேட்டை உரிமம் மறுத்தது சட்டத்துக்கு முரண் என்று அந்நாட்டு உயர்நீதிமன்றம் 2006-லேயே தீர்ப்பளித்திருந்த நிலையில் இது நேர்ந்தது. 2019-இல் அரசு தடையை நீக்கியபோது முதலில் பேசப்பட்டது வெளிநாட்டவருக்கான யானை வேட்டையே. இதற்கு மாறாக, நமீபியாவின் நியே நியே காப்பகத்தில் ஜூ/ஹோவான்சி மக்கள் தம் நச்சம்பு வேட்டையைத் தொடரவும், டிராஃபி வேட்டையின் வருமானத்தில் பங்கு பெறவும் சட்டம் இடமளிக்கிறது. ஆயினும் இவ்வாதத்துக்கும் ஒரு வரம்புண்டு. ஒரு மக்களின் உரிமை பறிக்கப்பட்டது என்பதிலிருந்து மற்றவர் அம்பெய்யக் கூடாது என்பது தானே பெறப்படாது. நச்சம்பு பட்ட ஈலண்ட் மறிமான் ஒரு நாள் துன்புறுவதை மரபு என்று கடந்துபோவோர், பண்ணையில் ஒரு மணி நேரத் துன்பத்தைக் கொடுமை என்பார்களாயின், அவ்வேறுபாட்டுக்குத் தேவை, வாழ்வாதாரம் என்னும் காரணங்களை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொல்லவும் முடியும், பலர் சொல்வதில்லை.

எஞ்சியிருப்பவை

மூன்று கேள்விகளுள் நிலம் பற்றியதற்கு ஓரளவு விடை கிடைத்திருக்கிறது: நல்ல உரிமை அமைப்பும் நேர்மையான பங்கீடும் உள்ள இடங்களில் வேட்டை வருமானம் காட்டு நிலத்தைத் தாங்கக்கூடும், அவை இல்லாத இடங்களில் தாங்குவதற்குச் சான்று குறைவு. உரிமை பற்றிய கேள்வி நீதிமன்றங்களிலும் சட்டமன்றங்களிலும் நாட்டுக்கு நாடு வேறாகத் தீர்க்கப்பட்டு வருகிறது. காயம் பற்றிய கேள்வியே வில்லுக்கு உரியது; அதற்குத்தான் விடை மிகக் குறைவாக உள்ளது. சீசிலின் இறப்பிலேயே இது தெரிந்தது: அது 40 மணி நேரம் துன்புற்றதாக முதலில் செய்திகள் கூறின, அச்சிங்கத்தைக் கழுத்துப்பட்டை வழி பின்தொடர்ந்துவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் ஆண்ட்ரூ லவ்ரிட்ஜ் பின்னர் அதை 10 முதல் 12 மணி நேரம் என்று கணித்தார். உலகமே கவனித்த ஒரு விலங்கின் நிலை இதுவென்றால், பண்ணையில் சுவடு மறைந்துபோன ஓர் இம்பாலாவைப் பற்றி எந்தத் தரப்பும் உறுதியாகப் பேசுவது கடினம்.

இந்த இடைவெளி நிரப்ப முடியாததன்று. இரத்தம் சிந்தினால் பணம் என்ற விதி நடைமுறையில் இருப்பதால், அம்பு பட்டு அகப்படாமற்போன ஒவ்வொரு விலங்கும் ஏதோ ஒரு பண்ணையின் கணக்குச் சீட்டில் கட்டணமாக எழுதப்பட்டிருக்க வேண்டும். தென்னாப்பிரிக்க, நமீபியத் தொழில்முறை வேட்டைக்காரர் சங்கங்கள் அச்சீட்டுகளை வாடிக்கையாளர் பெயரை நீக்கி, இனம், தூரம், வில்லின் வகை என்று பிரித்துத் தொகுத்து வெளியிட வேண்டும். உரிமம் வழங்கும் அரசுகள் அதனை உரிமத்தின் நிபந்தனையாக்க வேண்டும். அதுவரை, ஆப்பிரிக்கச் சமவெளி விலங்குகளின் காயம் பற்றி யார் எந்த எண்ணைக் கூறினாலும், அது எந்த நாட்டு மானிடமிருந்து எடுத்தது என்று வாசகர் கேட்டுத் தெரிந்துகொள்வது நலம்.